முறுக்குத் தகரத்தில் வாசித்த கிற்றார்

1985ஆம் ஆண்டின் தொடக்கம். வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குப் போகும் பஸ்ஸில் ஒரு மின் கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

நான் மலைநாட்டுத் தோட்டத்தில் பிறந்தவன். தமிழரை அடித்து விரட்டிய எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு எங்கள் குடும்பம் இரண்டு தேயிலைப் பெட்டிகளில் சாமான்களை அடைத்துக்கொண்டு கிளிநொச்சிப் பக்கம் வந்து சேர்ந்தது. என் படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. வயல் வேலை, லொறி கிளீனர், மரம் அரியும் ஆலை என்று ஓரிடத்தில் நிற்காமல் திரிந்தேன். கடைசியில் கோயில் திருவிழாக்களில் வாசிக்கும் ஓர் இசைக்குழுவில் ஒட்டிக்கொண்டேன். அங்கே கிற்றார் வாசித்தவர் வெளிநாடு போனபோது தன் சிவப்புக் கிற்றாரை எனக்கு விட்டுப் போனார்.

பழைய ஜப்பான் சாமான் அது. எனக்கு அதை விட உயர்ந்த பொருள் எதுவும் இருக்கவில்லை. கையில் ஏதாவது கிடைத்தால் அதற்கு ஒரு புதுப் பாகம் பூட்டிவிடுவேன். வழுக்கிக்கொண்டிருந்த, கம்பி முறுக்கும் சாவிகளை மாற்றினேன். கழுத்தின் மேல்நுனியில் கம்பிகள் படியும் துண்டு தேய்ந்துபோக, ஒட்டுசுட்டானில் ஒரு வீட்டில் கிடந்த மான்கொம்பைக் கேட்டு வாங்கி, அரத்தால் ராவி அந்த இடத்தில் வைத்தேன். பழுதான றேடியோ ஒன்றின் கறுப்பு மூடியை வெட்டி முன்தகடு போட்டேன்.

எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை. மின் கிற்றார் வெறும் கட்டை. அதற்கு வயிறு கிடையாது. கரண்ட் இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அதனால் அதன் தலையை வெறும் தேயிலைப் பெட்டியில் அழுத்தி வைத்துக்கொண்டுதான் பழகுவேன். பெட்டி அதிர்ந்து சத்தம் கொடுக்கும்.

கடைசியாகப் பூட்டியதுதான் வினையானது. வவுனியாவில் றேடியோ திருத்தும் ஒருவர், சத்தத்தைக் கூட்டும் சின்ன மின்சுற்று ஒன்றைச் செய்து, பற்றரியும் சுவிச்சும் வைத்துக் கிற்றாரின் முதுகைக் குடைந்து உள்ளே பொருத்தித் தந்தார். பின்மூடியைப் பூட்டும்போது கேட்டார்:

"வழியில மறிச்சு இதைத் திறந்தா என்ன சொல்லுவீர்?"

"பாட்டுப் பெட்டி எண்டு சொல்லுவன்."

"பகிடி விடாதையும். பற்றரி, வயர், சுவிச்சு. பாக்கிறவைக்கு வேற மாதிரித் தெரியும். இங்க விட்டிட்டுப் போம்."

மறுநாள் முள்ளியவளையில் திருவிழா. புதுச் சத்தத்தை அங்கே கேட்க வைக்க வேண்டும் என்ற அவதியில் உரச்சாக்கில் தைத்த பைக்குள் கிற்றாரைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

நகரம் முடியும் இடத்தில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்தார்கள். வழக்கமான சோதனைதான். என்னைக் கீழே இறக்கிப் பையைத் திறந்தவன் கிற்றாரைத் திருப்பிப் பார்த்தான். பின்மூடியில் புதுத் திருகாணிகள் மினுங்கின. கழற்றச் சொன்னான். கழற்றினேன். உள்ளே எட்டிப் பார்த்தவன் சட்டென்று பின்னால் போய்த் துவக்கை நீட்டினான். அந்தக் காலத்தில் இதற்குக் குறைந்த சாமானோடு பிடிபட்டவர்கள் திரும்பி வரவில்லை. அது எனக்கும் தெரியும், பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் தெரியும்.

அதிகாரி ஒருவர் வந்தார். தோட்டத்தில் பழகிய சிங்களத்தில், இது இசைக்கருவி என்று சொன்னேன்.

"கிற்றாருக்கு ஓட்டை இருக்கும். இதற்கு எங்கே?" என்றார்.

"இது கரண்டில் வாசிப்பது, ஐயா."

"அப்போ பற்றரி எதற்கு?"

நான் விளக்க விளக்க அவர் முகம் இறுகியது. ஆமிக்காரர் எல்லோரும் தள்ளிப் போய் நின்றுகொண்டு, என்னைச் சுவிச்சைப் போடச் சொன்னார்கள். போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. வாசிக்கச் சொன்னார்கள். கம்பிகளைத் தட்டினேன். வெட்டை வெளியில், காற்றில், காதருகே நுளம்பு இரைவது போல ஒன்று வந்தது.

"என் மகளின் விளையாட்டுச் சாமான் இதைவிடச் சத்தம் போடும்" என்றார் அதிகாரி. அவர் சிரிக்கவில்லை. என்னை முகாமுக்குள் கொண்டுபோகச் சொல்லிக் கை காட்டினார்.

அப்போதுதான் தேயிலைப் பெட்டி நினைவுக்கு வந்தது. வெறும் பெட்டியில் வைத்தால் கேட்கும், ஒரு தடவை பாருங்கள் என்று கெஞ்சினேன். அவர் சரி என்று தலையை அசைத்தார். பஸ்ஸைப் பார்த்துக் கத்தினேன். எட்டு வருடமாகப் பேசிய வன்னிப் பேச்சு பயத்தில் எங்கோ போய்விட, தோட்டத்துத் தமிழ்தான் வாயில் வந்தது.

"யாருகிட்டயாவது வெறும் டின்னு இருக்குதாங்க? பெரிய டின்னு!"

எல்லாத் தலையும் குனிந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அப்படித்தான் குனிந்திருப்பேன்.

பஸ் படியில் ஓர் அக்கா இறங்கினார். வவுனியா பஸ் நிலையத்தில் முறுக்கு விற்பவர். அவர் கையில் முறுக்கு கொண்டுவரும் சதுர டின், விற்று முடிந்த வெறும் தகரம், இருந்தது. ஒருவன் அதட்டினான். அவர் நிற்கவில்லை. தகரத்தை என் காலடியில் கவிழ்த்து வைத்தார்.

"இந்தாரும். நெளிச்சுப் போடாதையும்."

அதோடு பஸ்ஸுக்குப் போயிருக்கலாம். தகரம் சரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அங்கேயே குந்திவிட்டார். கிற்றாரின் தலையைத் தகரத்தில் அழுத்தி சிங்களவர் ஆடிப்பாடும் ஒரு பைலா மெட்டை வாசித்தேன். தாளம் பிசகியது. ஆனால் தகரம் முழங்கியது. உள்ளே ஒட்டிக்கிடந்த முறுக்குத் தூள் கீழே கொட்டியது. பஸ்ஸின் பின் இருக்கைவரை கேட்டிருக்கும்.

அதிகாரி கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கிட்ட வந்து, பற்றரியைத் தானே பிடுங்கி எடுத்துக்கொண்டு, "மூடு. ஏறு" என்றார்.

பஸ் ஓமந்தையைத் தாண்டியது. நான் எழுந்துபோய் அந்த அக்காவுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் தகரத்தின் மூலையை விரலால் நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"நெளிக்க வேண்டாம் எண்டு சொன்னனான் எல்லே?"

"மன்னிச்சுக்கோங்க அக்கா. நீங்க இல்லாட்டி..."

"நானும் அதைக் குண்டு எண்டுதான் நினைச்சனான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பிறகு ஏன் அக்கா இறங்கி வந்தீங்க?"

"நீர் வெறும் தகரம் கேட்டனீர், என்னட்டை இருந்தது. உம்மைக் கொண்டுபோனா பஸ்ஸும் அங்கதான் நிக்கும். நான் போய்த்தான் மாடு கறக்க வேணும்." தகரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இனிமேல் வாயுள்ள சாமானா வாங்கும். மேளம், கீளம் எண்டு" என்றார். முன் இருக்கையில் இருந்தவர் சிரித்துவிட்டார். பிறகு பஸ் முழுவதும் சிரித்தது.

அவர் கனகராயன்குளத்தில் இறங்கித் தகரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். நான் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. முள்ளியவளையில் பற்றரி இல்லாமலே, குழுவின் ஒலிபெருக்கியில் பூட்டி வாசித்தேன். சனத்துக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் வவுனியாப் பக்கம் போகவே பல வருடமாகிவிட்டது.

அந்தச் சிவப்புக் கிற்றார் இன்னும் என்னிடம் இருக்கிறது. பற்றரி வைத்த குழி வெறுமையாகவே கிடக்கிறது. குண்டு என்று நினைத்துக்கொண்டே ஒருவர் எனக்குப் பக்கத்தில் வந்து குந்தியிருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம், அவசரத்தில் என்னிடம் எதையாவது கேட்டு நிற்பவரிடம் எதற்கு என்று விசாரிக்க எனக்கு வாய் வருவதில்லை.