ஆம்புலன்சுக்கு முன்னால் ஓடியவள்

நான் எதையும் முழுதாக முடித்தவள் இல்லை. இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. தட்டச்சில் லோயர் தேறினேன், ஹையருக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே நின்றுவிட்டேன். தையல் வகுப்பில் தைத்த ஒரு ஜாக்கெட் இன்றும் பெட்டிக்குள் ஒற்றைக் கையோடு கிடக்கிறது. ஸ்கூட்டர் உரிமத்துக்கு எட்டுப் போடச் சொன்ன இடத்தில் பாதி எட்டோடு இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

என் வீட்டுக்காரர் குவைத்தில் ஏசி மெக்கானிக். வருடத்துக்கு ஒரு மாதம்தான் ஊரில் இருப்பார். ஆனால் கிண்டல் பண்ண அவருக்கு லீவு வேண்டாம், வீடியோ கால் போதும். தேங்காய்ப்பட்டணம் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் முதல் முறையாக மாரத்தான் வைக்கிறார்கள், நான் பெயர் கொடுத்துவிட்டேன் என்று சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் போன் திரையில் அவருடைய கடைவாய்ப் பல் அடைத்த சிமெண்ட் வரை தெரிந்தது.

"நீயா? பாதியில பஸ் ஏறி வந்திருவ பிள்ளே."

"பஸ் வராது. அன்னைக்கு ரோட்ட அடைச்சிருவாங்க."

"அப்போ ஆட்டோ."

எனக்கு எரிந்தது பாருங்கள், மிளகாயை அரைத்து முகத்தில் பூசின மாதிரி. "முடிச்சுக் காட்டினா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"முடிச்சிட்டேன்னா, செத்தாலும் அந்த ஜாக்கெட்டப் பத்தி ஒரு வார்த்த பேச மாட்டேன்."

அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று மாதம் ஓடினேன். நாகர்கோவிலில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் எனக்கு வேலை. மணி அடித்துப் பிள்ளைகள் போனதும், நாற்பத்து நான்கு வயதும் எழுபத்தெட்டு கிலோவுமாக மைதானத்தைச் சுற்றுவேன். முதல் வாரம் வாட்ச்மேனின் நாய் என்னைத் துரத்தியது. இரண்டாம் வாரம் கூடவே ஓடியது. மூன்றாம் வாரம் நிழலில் படுத்துக்கொண்டு, நான் ஒவ்வொரு சுற்று வரும்போதும் ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து பார்த்தது.

பெயர்தான் மாரத்தான், தூரம் பத்து கிலோமீட்டர். ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் வந்தால் பதக்கம். பிந்தினால் வாழைப்பழம் மட்டும். நடத்தியவர்கள் அந்த ஊர் இளைஞர்கள், நல்ல பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை வைத்தால் மாதா கோயிலில் பூசை, எங்களைப் போன்றவர்களுக்குச் சபை ஆராதனை, ஒருவரும் வரமாட்டார்கள் என்று யோசித்து சனிக்கிழமை வைத்திருந்தார்கள். ஞாயிறு அங்கே யாரும் கடலுக்குப் போவதில்லை. சனிக்கிழமை எல்லா மீன்பிடி வள்ளமும் கடலில் கிடக்கும். அது அவர்கள் யோசனையில் வரவில்லை. என் யோசனையில் எப்படி வரும்?

விடிந்தும் விடியாமல் போய் நின்றோம். மைக் பிடித்தவர் கோயில் திருவிழாவுக்கு அறிவிப்புச் செய்கிறவர் போலிருக்கிறது. "ஓட்டக்காரர்கள் அமைதியோடும் ஒழுங்கோடும் பவனியாக வரவும்" என்றார். ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம் என்று கோயிலுக்குள் பிரிப்பது போலப் பிரித்தும் நிறுத்தினார். கொடுத்த பனியன் எனக்கு ஒரு தோள் வரைதான் ஏறியது. அதனால் பழைய கறுப்புச் சுடிதாரிலேயே நின்றேன், துப்பட்டாவை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு, நெஞ்சில் நம்பர் காகிதத்தோடு. விசில் ஊதினார்கள். அடேயப்பா! முன்னால் நின்ற பையன்கள் பறந்தார்கள். எனக்கு முன்னால் இருநூறு முதுகுகள் தெரிந்தன. பிறகு ஐம்பது. பிறகு தென்னை மரங்கள் மட்டும் தெரிந்தன.

எனக்குப் பின்னால் ஆளே இல்லை, ஒரு ஆம்புலன்ஸ்தான் இருந்தது. கடைசி ஆளுக்குப் பின்னால் அது வர வேண்டும் என்பது ஏற்பாடு. டிரைவர் தம்பி நல்லவன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தலையை வெளியே நீட்டி, "ஏறுதியளா அக்கா?" என்பான். "இல்ல தம்பி" என்பேன். நாலாவது கிலோமீட்டரில் அவன் அதை ஆறுதலாகக் கேட்டான். ஆறாவதில் கெஞ்சிக் கேட்டான், பாவம், காலைச் சாயா கூடக் குடிக்கவில்லையாம். எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஆட்டோ என்று கேலி பண்ணினாரே மனுஷன், இங்கே ஆம்புலன்சே கதவு திறந்து காத்திருக்கிறது!

ஏழு தாண்டியதும் கெண்டைக்காலில் நரம்பு பிடித்தது. அழுகை வந்தது. உண்மையான அழுகைதான், மூக்கு ஒழுகி, கண்மை கரைந்து, வாய் கோணிய அழுகை. கிளிப் எங்கோ விழுந்து முடி அவிழ்ந்து கிடந்தது. வியர்வையில் நம்பர் காகிதம் நைந்து பிய்ந்து வந்ததைக் கையில் கசக்கிப் பிடித்திருந்தேன். நொண்டி நொண்டி, ஆனால் நிற்காமல், ஓடினேன். அந்தக் கோலத்தில்தான் கடற்கரை ஊருக்குள் நுழைந்தேன்.

ஊர் முகப்பில் தண்ணீர்க் குழாயடி. பத்துப் பதினைந்து பெண்கள் குடத்தோடு நின்றார்கள். மற்ற ஓட்டக்காரர்கள் போய் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. பந்தயம் முடிந்தது என்று அவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். தலையில் மீன் நிறைந்த அலுமினியச் சருவத்தோடு வந்த ஒரு அக்கா என்னைப் பார்த்து அப்படியே நின்றாள். என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் வந்த ஆம்புலன்சைப் பார்த்தாள்.

"ஏட்டி, என்னாச்சு? எங்க ஓடுத?"

எனக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. துறைமுகம் இருந்த பக்கம் கையை நீட்டிக் காட்டினேன். பந்தயம் முடிகிற இடம் அங்கேதான்.

"மாதாவே!" என்று அவள் சருவத்தை ஒரு திண்டில் வைத்தாள். வைத்தவள் என் வலது கையைப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். இன்னொருத்தி குடத்தைப் போட்டுவிட்டு வந்து இடது கையைப் பிடித்தாள். "வா மக்கா, வா. தளந்து போவாத. ஒண்ணும் ஆவாது. நாங்க உண்டு கேட்டியா?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. என்ன பாசம்! என்ன ஜனங்கள்! முன்பின் தெரியாத ஒருத்தி கடைசியாக ஓடி வருகிறாளே என்று கூட ஓட வந்திருக்கிறார்களே! நாகர்கோவிலில் நான் கீழே விழுந்தால் கூட, "பாத்துப் போகப்படாதா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நான் இன்னும் சத்தமாக அழுதேன். நான் அழ அழ அவர்கள் வேகம் கூட்டினார்கள். வீட்டு வாசல்களிலிருந்து பெண்கள் இறங்கி ஓடி வந்தார்கள். ஒருத்தி ஓடிக்கொண்டே என் முடியை அள்ளி முடிந்துவிட்டாள். ஒருத்தி செம்பை நீட்டி, "கொஞ்சம் வெள்ளம் குடி மக்கா" என்றாள். பாதி வாயிலும் பாதி கழுத்திலுமாகக் குடித்தேன். நரம்பு பிடித்த கால் எங்கே போனது என்றே தெரியவில்லை. காலே தரையில் படவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்னால் இரண்டு பேர் ஆம்புலன்சின் பக்கவாட்டில் தட்டினார்கள். "எலே, என்னத்துக்கு உருட்டிட்டு வார? வேகமாட்டு விடு!" என்னென்னவோ நினைத்துக் குழம்பிய டிரைவர் தம்பி சைரனைப் போட்டுவிட்டான். அதற்கு மேல் கேட்க வேண்டுமா? ஊரே ரோட்டுக்கு வந்துவிட்டது. முப்பது நாற்பது பெண்கள், நடுவில் நான், பின்னால் சைரன். யாரோ ஜெபமாலை சொல்லத் தொடங்கினார்கள். நாங்கள் சபைக்காரர்கள், எங்களில் ஜெபமாலை கிடையாது, எனக்கு அந்த ஜெபம் முழுசாகத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு முடிவிலும் நானும் "ஆமென்" போட்டேன். எங்கள் போதகர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

முடிகிற இடம் கண்ணுக்குத் தெரிந்தது. காற்றடைத்த பெரிய மஞ்சள் வளைவு. இருநூறு மீட்டர்தான் இருக்கும். இடுப்புப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தேன். இன்னும் நாலு நிமிடம் இருந்தது. நாலு நிமிடம்! நடந்து போனால்கூடப் போதும்! எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

அப்போதுதான் மீன்கார அக்கா மூச்சிரைக்கக் கேட்டாள். "மக்கா, வள்ளத்துல எத்தன பேரு? ஒனக்க மாப்பிள கூட ஆரெல்லாம் போனது?"

"எந்த வள்ளம்?" என்றேன்.

அவள் கடலைக் கை காட்டினாள். அவள் முகத்தைப் பார்த்தேன். பிறகு திரும்பிப் பின்னால் பார்த்தேன். ஒருத்தி கழுத்திலிருந்த சிலுவையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓடி வந்தாள். ஒருத்திக்குக் கண்ணீர் வடிந்துகொண்டிருந்தது, துடைக்கக்கூட இல்லை. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்தார்கள். கடவுளே, இவர்கள் எனக்காக ஓடி வரவில்லை.

ஓடி முடித்துவிட்டுச் சொல்லலாமே என்று ஒரு நினைப்பு வந்தது. வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இனி நூறு மீட்டர்தானே, ஒரு நிமிட விஷயம்தானே, அந்தப் பெட்டியும் அந்த ஒற்றைக் கை ஜாக்கெட்டும் கண் முன்னால் வந்தன. ஆனால் அந்தச் சிலுவையைப் பார்த்த பிறகு என் கால் நகரவில்லை. நின்றுவிட்டேன். நான் நின்றதும் எல்லோரும் நின்றார்கள்.

"அக்கா, கடல்ல ஒண்ணும் ஆவல்ல. யாருக்கும் ஒண்ணுமில்ல. நான்... நான் மாரத்தான் ஓட வந்தவ."

கையிலிருந்த கசங்கின காகிதத்தை விரித்துக் காட்டினேன். சைரன் மட்டும் ஊளையிட்டது. யாரோ கை காட்ட, அதுவும் நின்றது.

மீன்கார அக்கா ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எனக்க மவன் வெளுப்புக்கு முன்ன கடலுக்குப் போனான் ட்டீ," என்றாள். "இவ்வளவு தூரமும் அவனுக்க மொகத்தயில்லா கண்டுட்டு ஓடி வந்தேன்." எழுந்து வந்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். சும்மா இல்லை, சுள்ளென்று. எனக்கு அது வேண்டியதுதான். "மன்னிச்சுக்கிடுங்க அக்கா" என்றேன்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் மெதுவாகக் கேட்டது. "மாரத்தான் அப்பமே முடிஞ்சில்லா போச்சு? இவ எந்த மாரத்தான்?"

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. ஆம்புலன்ஸ் தம்பியாகக்கூட இருக்கலாம். மீன்கார அக்காவுக்கு முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். சிலுவையைக் கடித்தவள் சிரிக்கிறாள். குடத்தைப் போட்டவள், "எனக்க கொடம் நெளிஞ்சிருக்கும், நாசமா போறவளே" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். நானும் சிரித்தேன். அழுததைவிட அதிகமாக மூச்சு வாங்கியது.

அக்காதான் முதலில் நிறுத்தினாள். "இன்னும் எத்தன நிமிஷம் இருக்கு ஒனக்கு?"

போனைப் பார்த்தேன். "ஒண்ணு."

"பின்ன எதுக்கு நிக்க? ஓடுட்டி!"

ஓடினோம். ஐயோ, அந்த ஓட்டம்! சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, கூவிக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு ஓடினார்கள். பார்த்தால் மஞ்சள் வளைவு சாய்கிறது! எல்லோரும் வந்தாயிற்று என்று நினைத்துப் பிள்ளைகள் காற்று மோட்டாரை நிறுத்திவிட்டார்கள். "எலே, நிறுத்தாத! ஆளு உண்டு!" என்று நாற்பது தொண்டையும் கத்தின. மைக் அண்ணன், "பவனி... பவனி வருகிறது!" என்று உளறினார். வளைவு இன்னும் இறங்கியது. முன்னால் ஓடிய பெண்கள் இரண்டு கையாலும் அதைத் தாங்கிப் பிடித்தார்கள். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் துடுப்போடு ஓடி வந்து நடுவில் முட்டுக் கொடுத்தார். மீன்கார அக்கா என் தலையைப் பிடித்துக் குனியவைத்து, அந்தத் துணிக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

இடுப்புப் பையில் போன் அடித்தது. ஒன்றே முக்கால் மணி முடிகிற நேரத்துக்குச் சரியாக வீடியோ காலில் கூப்பிடுவேன் என்று சொல்லியிருந்தார் என் வீட்டுக்காரர். எனக்கு ஒரு கால் கோட்டுக்கு அந்தப் பக்கம், தலைமேல் மஞ்சள் துணி. எடுத்தேன். அதற்குள் ஆம்புலன்ஸ் தம்பி சந்தோஷத்தில் மறுபடி சைரனைப் போட்டுவிட்டான்.

"சைரன் கேக்குதே!" என்றார். "ஆம்புலன்ஸிலயா ஏறின? அடப்பாவமே, ஆட்டோ கெடைக்கலியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா போனைப் பிடுங்கித் தன் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டாள். "அதுல ஒருத்தியும் ஏறல்ல, கேட்டியா? ஓடித்தான் வந்தா. முடிச்சாச்சு. சாட்சிக்கு ஆளு வேணுமா?" என்று போனை அப்படியே திருப்பிக் காட்டினாள். குவைத்தில் அதிகாலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த மனுஷன் முன்னால் நாற்பது பெண்கள் ஒரே நேரத்தில் கூவினார்கள். பிரஷ் வாயில் இருந்தபடியே நின்றார். அதற்குப் பிறகு இன்று வரை ஜாக்கெட்டைப் பற்றிப் பேச்சில்லை.

பதக்கத்தை என் கழுத்தில் போட்டவளும் அக்காதான். போட வந்த பையனிடமிருந்து வாங்கிப் போட்டாள். அதை நேராக இழுத்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தாள். தூரத்தில் வள்ளங்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன.

"இந்த ரோட்டுல இதுக்கு முன்ன நான் மூணு மட்டம் இப்பிடி ஓடியிருக்கேன் மக்கா," என்றாள். "சிரிச்சிட்டுத் திரும்பிப் போறது இன்னைக்குத்தான்."

நான் அவள் கையைப் பிடித்தேன். அடுத்த நொடி அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, எனக்க மீனு! பூனை எல்லாம் தின்னிருக்குமே!"

சேலையைத் தூக்கிக்கொண்டு அவள் வந்த வழியே ஓடினாள். குடங்களை நினைத்து மற்றவர்களும் ஓடினார்கள். "வெயிட் பண்ணுங்க அக்கா!" என்று கத்திக்கொண்டு, கழுத்தில் பதக்கம் ஆட, நானும் பின்னாலேயே ஓடினேன்.