வாயை மட்டும் அசைத்தேன்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பாட்டு கற்றுக்கொள்ளப் போனது அறுபத்து மூன்று வயதில். தச்சநல்லூரில் எங்கள் தெருக் கோயிலில் செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் ஒரு டீச்சர் பெண்களுக்குச் சாமிப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறாள். என் மகளை விடச் சின்னவள். நானாக அங்கே போயிருக்கவே மாட்டேன்; நாலு பேர் முன்னால் என் பேரைச் சொல்லவே கூசுகிறவள் நான். எதிர்வீட்டு அக்காதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அக்கா பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. வயலில் நடவு நட்ட காலத்துக் குரல், திறந்தால் தெருமுனை வரை கேட்கும். என் குரல் சின்னது. ஆனால் நோட்டைப் பார்த்து வாசித்துவிடுவேன். அதனால் எங்களுக்குள் ஒரு வழி வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு அடிக்கும் முதல் சொல்லை நான் எடுப்பேன். அது காதில் விழுந்ததும் மீதியை அக்கா பிடித்துக்கொள்வாள்.

“நீ எடுத்து மட்டும் குடுளா, நான் இழுத்துட்டு வாரேன்” என்பாள்.

தினமும் காலையில் என் வீட்டில்தான் சாதகம். இரண்டு பேரும் இலையும் தூளும் பரப்பிய சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவோம். கை ஒழியாது, அதனால் தாளத்தைக் கால் பெருவிரலில் போடுவோம். நவராத்திரி ஏழாம் நாள் எங்கள் குழு பாட வேண்டும் என்று முடிவானதும் மத்தியானமும் உட்கார்ந்தோம். மொத்தம் நாலு பாட்டு. மூன்றாவதுதான் கஷ்டம். மூன்று சரணத்துக்கும் ஒரே மெட்டு. முதல் சொல் தப்பினால் வேறு சரணத்துக்குள் போய்விடுவோம்.

“யக்கா, எனக்கு இந்தப் பாட்டுதான் பயமா இருக்கு.”

“எனக்கென்ன பயம்? பக்கத்துல நீ இருக்கேல்லா.”

ஏழாம் நாள் கோயிலில் நல்ல கூட்டம். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு மைக் வைத்திருந்தார்கள். முதல் வரிசையில் என் சம்பந்தியம்மா செல்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் நோட்டுக்குள் குனிந்துகொண்டேன். முதல் இரண்டு பாட்டும் வாயை மட்டும் அசைத்தேன். அவை அக்காவுக்கு மனப்பாடம், தப்பித்தோம். மூன்றாவதில் இரண்டாம் சரணம் வந்தது. அக்கா என் பக்கமாகத் தலையைச் சாய்த்தாள். அப்போதாவது அந்த ஒரு சொல்லை நான் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அவள் முதல் சரணத்தையே திரும்ப எடுத்தாள், அதுவும் மைக்கில், ஊருக்கே கேட்கிற குரலில். மற்ற எல்லோரும் வேறு சொல் பாடிக்கொண்டிருந்தார்கள். முன்னால் பிள்ளைகள் சிரித்தன. அக்கா சட்டென்று நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு கடைசி வரை தாளம் மட்டும் போட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில், “உன் சத்தம் எனக்குக் கேக்கவே இல்லளா. காது போச்சு போல” என்றாள்.

“மைக் சத்தத்துல அப்படித்தான் யக்கா இருக்கும்” என்றேன். என் வாயில் வந்தது அவ்வளவுதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கூப்பிடப் போனேன். “காது கேக்காதவளுக்குப் பாட்டு ஒரு கேடா? நீ போ” என்றாள். டீச்சரே வீட்டுக்கு வந்து கேட்டும் அசையவில்லை. பீடி சுற்ற மட்டும் வழக்கம்போல் என் வீட்டுக்கு வந்தாள். அவள் மகன் பேசும்போதெல்லாம் கையைக் காதோரம் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்தும் ஒரு மாதம் பேசாமல் இருந்தேன்.

கடைசியில் மகன் பாளையங்கோட்டைக்குக் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். மறுநாள் காலையில் வந்து உட்கார்ந்தவள் சுளகைத் தொடவில்லை.

“டாக்டரு காது நல்லாருக்குங்காரு. அப்பம் அன்னைக்கு ஏன்ளா கேக்கல?”

குனிந்துகொண்டே சொன்னேன். “நான் பாடல யக்கா. வெக்கமா இருந்துச்சு. வாயை மட்டும் ஆட்டினேன்.”

அக்கா இலையை எடுத்தாள். நாலைந்து பீடி சுற்றினாள்.

“அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு ஏச்சு ஏசிட்டு செவ்வாக்கெழமையே வந்திருப்பேன்ளா” என்றாள். “ஒரு மாசமா எம்மவன் என்கிட்ட கத்திக் கத்திப் பேசுதான்.”

அவ்வளவுதான் சொன்னாள். ஏசியிருந்தால் தேவலை.

இப்போது மார்கழிக்குப் பாட வேண்டும். புதுப் பாட்டு அஞ்சு. நான் தினமும் காலையில் சத்தமாகவே பாடுகிறேன். டீச்சர்கூட, “ஆச்சிக்கு இப்பம் குரல் நல்லா வருது” என்கிறாள். அக்கா எதிரில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறாள். ஒவ்வொரு அடியிலும் முதல் சொல்லைச் சொல்லிவிட்டு அவளுக்காகக் கொஞ்சம் நிறுத்துகிறேன். அவள் தலையை நிமிர்த்துவதில்லை. மீதியை நானே பாடிக்கொள்கிறேன்.