சாமிக்குச் சொன்ன பெயர்

பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் ரயில் பாதையை ஒட்டிய கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எழுதுகிறவள் நான். மழைக்காலத்து மத்தியானங்களில் மின்சாரம் போய்விடும். சாம்பிராணிப் புகை ஈரத்தில் மேலே ஏற மாட்டாமல் தரையோடு மிதக்கும். ரயில் போனால் மேசை லேசாக அதிரும். நான் பாதித் தூக்கத்தில் பெயர்களை எழுதிக்கொண்டிருப்பேன். இங்கே பாதிப் பேருக்கு நட்சத்திரம் தெரியாது. பர்மாக்காரர்களைப் போலப் பிறந்த கிழமையைச் சொல்வார்கள். அதையே எழுதிவிடுவேன். சாமி இதுவரை கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஏரிக்கரைப் பங்களா ஒன்றில் சமைக்கிற அக்கா வெள்ளிதோறும் வருவாள். முதலாளி பெயருக்கு அர்ச்சனை. அவர் வெளிநாட்டுக்காரர், ரத்தினக் கல் வியாபாரி என்று தெருவில் ஒரு பெயர் சொல்லி வைத்திருந்தார். அக்கா சொன்னதோ வேறு பெயர்.

"ஏங்க்கா, அவரை வேற பேரு சொல்லில்ல கூப்பிடுறாங்க?"

"அது ஊருக்கு. சாமிகிட்ட பொய்ப் பேரு சொன்னா பலன் வேற எவனுக்காவது போயிடும்னு அவரு சம்சாரம் பயப்படுது. இதுதான் நெசப் பேரு. புதன்கிழமை. எழுதும்மா."

ஒரு வருஷம் எழுதினேன். அந்தப் பெயர் கனவில்கூட என் கையெழுத்திலேயே வந்தது.

ஒரு நாள் டீக்கடையில் தடையைத் தாண்ட விபிஎன் போட்டு முகநூலைப் பார்த்தால், அதே பெயர், படத்தோடு! அவருடைய நாட்டில் பெரிய அதிகாரியாக இருந்தவராம். அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்க வைத்திருந்த பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டாராம். அந்தச் சொத்தை மீட்கத் துப்புக் கொடுப்பவருக்கு வெகுமதி என்று அந்நாட்டு அரசாங்கம் அறிவித்திருந்தது. அதற்குக் கீழேயும் ஏதோ இருந்தது. நான் படித்தால்தானே! வெகுமதி என்ற சொல்லிலேயே கண் நின்றுவிட்டது. லைங் தாயா தையல் ஆலையில் நின்று நின்று கால் வீங்கி வருகிறாள் என் மகள். அவளை அந்த வேலையிலிருந்து நிறுத்திவிடலாம். டீ ஆறுவதற்குள் தெரிந்ததையெல்லாம் எழுதி அனுப்பினேன். ஆசை வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது.

பங்களா யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டுப் பதில் வந்தது. அடுத்த வெள்ளி, சும்மா கேட்பதுபோல அக்காவிடம் கேட்டேன்.

"என் பேர்லதான். வெளிநாட்டுக்காரங்க இங்க வீடு வாங்க முடியாதாமே. கையெழுத்துப் போடுன்னாரு, போட்டேன். ஏன்?"

அப்படியானால் அக்காவும் சேர்ந்து மாட்டிக்கொள்வாளே! எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அமலே!" என்று பர்மியத்தில் அலறியவள் அப்படியே புகைக்குள் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப நானும் திருடியா? மருந்துக் காசுன்னு எனக்குத் தெரியாதேம்மா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே வந்து சொல்லியிருப்பேனே! பத்திரம் எங்க இருக்கு, யாரு பேர்ல கடை வாங்கினாரு, எல்லாம் எனக்குத்தான் தெரியும்."

அவமானத்தில் செத்துப்போனேன். அறிவிப்பை மறுபடி எடுத்து, கடைசி வரி வரைக்கும் படித்தேன். பெயரைக் கொடுத்து உதவியவர்களே முன்வந்து துப்புக் கொடுத்தால் அவர்கள்மேல் வழக்குக் கிடையாது என்று இருந்தது. தூணில் சாய்ந்தபடி உடனே எழுதினேன். துப்புக் கொடுப்பது இந்த அம்மாள்தான், என் முதல் கடிதமும் அவர் சொல்லித்தான் எழுதியது என்று கூசாமல் பொய் சொன்னேன். அக்கா தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லச் சொல்ல, அதையும் சேர்த்தேன்.

பதில் வருவதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது. அக்காமேல் வழக்கில்லை. சொத்து அந்த அரசாங்கத்தின் கைக்கு வந்ததும் வெகுமதியும் அவளுக்குத்தான்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உனக்குப் பங்கு வேணாமாம்மா?"

"எனக்கு எதுக்குக்கா? போங்க, போய் நிம்மதியா இருங்க."

அன்று சாயங்காலம் மகள் ஆலை பஸ்ஸிலிருந்து நொண்டிக்கொண்டே இறங்கி வந்தாள். அவள் காலை மடியில் வைத்துத் தைலம் தேய்த்தேன். பங்கு வேணும் என்று சொல்லியிருக்கலாமே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஏன் அழுகிறாய் என்று அவள் பர்மியத்தில் கேட்டாள். தைலம் கண்ணில் பட்டுவிட்டது என்றேன்.