உஸ்மாவின் ‘ஆ’

திருவொற்றியூரில் ரயில்வே கேட்டைத் தாண்டி மூன்றாவது தெருவில் நின்று, “சால்டர் அன்பு வூடு எது?” என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். முழுப்பெயர் அன்புக்கரசி, வயது நாற்பத்தாறு. கரண்ட் மீட்டர் செய்கிற கம்பெனியில் பத்தொன்பது வருஷம் ஈயம் உருக்கி சால்டர் வைத்தவள். கம்பெனி ஊரை விட்டுப் போன பிறகு, இன்வெர்ட்டர் போர்டோ வாஷிங் மிஷின் கார்டோ எது படுத்தாலும் வீட்டு மேசையில் வைத்தே எழுப்பி உட்கார வைத்துவிடுவாள். கை அவ்வளவு நிதானம். மனசுதான் அப்படி இல்லை. நேரில் ஒரு தடவைகூடப் பார்க்காத ஒருத்தி மேல் இருபத்திரண்டு வருஷமாகப் பொறாமையில் வெந்துகொண்டிருந்தாள் என்றால் நம்புவீர்களா?

ஆமாம், பொறாமைதான். இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது? அவளே மறைக்கவில்லை.

புருஷன் தீனாவுக்குக் கன்டெய்னர் யார்டில் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன். அந்தக் காலத்துச் சாம்ப்ளர் ஒன்று இன்னும் பீரோ மேல் உட்கார்ந்திருக்கிறது. எந்தச் சத்தத்தையும் மைக்கில் பிடித்து ஒரு கட்டைக்குள் போட்டுக்கொள்ளும் மிஷின் அது. கட்டையை அமுக்கினால் அந்தச் சத்தம் வரும். குழுவில் எல்லாரும் அதைப் பொட்டி என்றுதான் சொல்வார்கள். கோரஸ் பாடின உஸ்மா என்கிற பெண்ணின் ‘ஆ’ ஒன்று அந்தப் பொட்டியில் இருந்தது. கச்சேரியில் தீனா அதை அமுக்கினால் ராயபுரம் முழுக்க விசில் பறக்குமாம். கல்யாண வீடுகளில் பழைய தோஸ்துகள் தீனாவைப் பார்த்தால் இன்றைக்கும், “மாமு, உஸ்மாவோட ‘ஆ’ சௌக்கியமா கீதுல்ல?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். பக்கத்தில் நிற்கும் அன்புவுக்கு வயிறு பத்திக்கொண்டு எரியும்.

வீட்டில் ஒரு போட்டோ வேறு. தீனா, உஸ்மா, நடுவில் டிரம் அடிக்கும் பீம்ராவ். பீமு என்று கூப்பிடும் பீம்ராவ், தீனாவின் உயிர்த் தோஸ்து. இவர்கள் கல்யாணத்துக்கு முந்தின வருஷமே லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டான். உஸ்மா கல்யாணம் கட்டிக்கொண்டு துபாய் போனவள், திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் போட்டோவில் அன்பு பார்த்தது உஸ்மாவின் மூக்குத்தியை மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் தீனா பொட்டியை இறக்கித் துடைப்பான். சவுண்டு பதிந்த பிளாப்பியைப் போட்டு, அந்த ஒரு கட்டையை ஒரே ஒரு தடவை அமுக்குவான். ‘ஆ...’ அவ்வளவுதான். சுவிட்சை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பான். தீனா எப்போதுமே அதிகம் பேசாதவன். சிரித்தால்கூட உதடு மட்டும் ஒதுங்கும், சத்தம் வராது. அவன் சும்மா உட்கார்ந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் அன்புவால் தாங்க முடியவில்லை.

பங்குனியில் ஒருநாள் அவனே வாயைத் திறந்தான்.

“அன்பு, பொட்டில டிரைவ் அவுட்டாவப் போவுது. ஸ்கிரீனு எப்பவோ செத்துப்போச்சு. பிளாப்பி வேற பூஞ்ச புடிச்சிகீது. உள்ள கீறத கம்ப்யூட்டர்ல இறக்கித் தர்றியா? ரெண்டு வாரத்துல வேணும்.”

“எத்த இறக்கணும்?”

“அந்த ஆ மட்டும் முழுசா வந்தா போதும்மே. அதுக்குப் பின்னால இன்னான்னா...”

“போதும்யா. அவ கதைய எங்கிட்ட அளக்காத. வேலைய சொல்ட்ட இல்ல, வுடு.”

தீனா பொட்டியை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனான். அன்று அவள் அவனைப் பேச விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. எங்கே விட்டாள்!

முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். முடியாது என்று சொல்ல அவள் கை ஒத்துக்கொள்ளாது. அதோடு உள்ளுக்குள் ஒரு கணக்கும் ஓடியது. பொட்டிக்குள் இருக்கும்வரை உஸ்மா தீனாவுடைய ஆள். கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டால் அன்பு கைக்குள் வந்த மாதிரி. அப்புறம் அவள் இருப்பதும் போவதும் அன்புவின் இஷ்டம்.

பொட்டியின் பின்பக்கம் ஐந்து ஓட்டை போட்ட வட்டமான சாக்கெட். கம்ப்யூட்டரில் அப்படி ஒன்று கிடையாது. ரிச்சி தெருவில் இரண்டையும் சேர்க்கும் ரெடிமேட் ஒயர் கிடைத்தது, வாங்கி மாட்டினாள். கட்டையைத் தட்டினால் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது. முழுச் சவுண்டை இழுத்தால் மட்டும் பாதியில் விழுங்கிவிட்டு முழித்தது. “கலீஜ் மாலு” என்று அதைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு, தானே ஒன்று செய்ய உட்கார்ந்தாள். யானைக்கவுனியில் பழைய சாமான் கடையில் தேடி இரண்டு வட்ட சாக்கெட் பிடித்தாள். தீக்குச்சிப் பெட்டி அளவில் ஒரு சின்ன புரோகிராம் போர்டு, பொட்டியின் கரண்டு கம்ப்யூட்டரைத் தொடாமல் காக்க ஒரு எட்டுக்கால் ஐசி, நாலு ரெசிஸ்டர். எல்லாவற்றையும் பச்சை சோப்பு டப்பாவுக்குள் அடக்கினாள். வேகமாக வரும் சவுண்டை வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் புரோகிராமை, யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரனைப் பத்து தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து எழுதினாள்.

முதல் தடவை மூச்சே இல்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். அப்புறம் பார்த்தால், சாக்கெட்டின் முன்பக்கத்தைப் பார்த்து நம்பர் எழுதிவிட்டுப் பின்பக்கம் சால்டர் வைத்திருக்கிறாள், நாலும் ஐந்தும் இடம் மாறிவிட்டது. பத்தொன்பது வருஷ அனுபவம்! மனசெல்லாம் மூக்குத்தியில் இருந்தால் கை என்ன செய்யும்?

சனிக்கிழமை காலை தீனா வியாசர்பாடிக்குக் கிளம்பிப் போன பிறகு, பிளாப்பியைப் போட்டாள். கர் கர் என்று அரைத்து அரைத்து ஆறாவது தடவையில் ஏற்றுக்கொண்டது. சோப்பு டப்பாவில் சிவப்பு லைட் படபடவென்று அடிக்க, நாலு நிமிஷத்தில் சவுண்டு கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்தது. “வந்துட்டியாடி” என்றாள் அன்பு.

சவுண்டைப் படமாகக் காட்டும் திரையில் ஒரு மேடு தெரியும் என்று பார்த்தாள். மேடு இருந்தது. அதற்குப் பின்னால் இன்னும் நீளமாக என்னவோ முள்ளு முள்ளாக நின்றது. அவளுக்குச் சட்டென்று புரிந்தது. ‘ஆ’ முடிகிற இடத்தில் தீனா அந்தக் காலத்திலேயே ஒரு வெட்டு வைத்திருக்கிறான். பொட்டி அதுவரைதான் பாடும். மிச்சத்தைத் தூக்கிப் போடாமல் மறைத்து வைத்துக்கொண்டிருந்தது. அன்பு செய்த டப்பாவுக்கு அந்த வெட்டெல்லாம் தெரியாது. இருந்ததை மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்துவிட்டது.

போட்டுக் கேட்டாள்.

‘ஆ...’ முடிந்ததும் உஸ்மாவின் குரல்: “போதுமாடா?” உடனே ஒரு ஆம்பளைச் சிரிப்பு. வயிற்றிலிருந்து புரண்டு வருகிற சிரிப்பு. அது முடிந்து மூச்சை உள்ளே இழுக்கும்போது விக்கல் மாதிரி ‘ஹிக்’ என்று ஒரு சத்தம். அதைக் கேட்டு அவளும் சிரிக்கிறாள். மொத்தமே ஒன்பது செகண்டு.

போதுமா‘டா’வாம்! அன்பு அதைப் பதினொரு தடவை கேட்டாள். அந்த டா கூடப் போகட்டும். சிரிப்பைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே பாய். ஒரு நாள், ஒரே ஒரு நாள் தன் எதிரில் இப்படிச் சத்தமாகச் சிரித்திருப்பானா? “இப்படி ஒரு சிரிப்ப வெச்சிகினுதான் எங்கிட்ட ஊமையா இருந்தியா?” என்று ஸ்பீக்கரைப் பார்த்துக் கத்தினாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

‘ஆ’ மட்டும் இருக்கட்டும், அது ஊருக்கே தெரிந்த சமாச்சாரம். மிச்சத்தை மவுஸால் இழுத்து வெட்டினாள். அதன் மேலேயே சேவ் பண்ணினாள். பொட்டியை அணைத்தாள், அதற்குள் ஏறியிருந்த சவுண்டும் போய்விட்டது. அதோடு விட்டாளா? பிளாப்பியை உருவி, அதில் பதிந்ததும் அழிய, மேசை மேல் கிடந்த பழைய ஸ்பீக்கர் காந்தத்தில் இரண்டு பக்கமும் நன்றாகத் தேய்த்தாள். தேய்த்து முடித்ததும் மனசு குளிர்ந்தது, பொய் சொல்வானேன். எழுந்து போய் மீன் கழுவினாள்.

மத்தியானம் தீனா வந்தான். கூடவே இருபத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஒரு பெண்.

“அன்பு, இது சங்கமித்ரா. நம்ம பீமு பொண்ணு. அவன் போனப்ப இதுக்கு ஒரு வயசு.”

“வாம்மா, குந்து” என்றாள் அன்பு.

அந்தப் பெண் மேசை மேல் இருந்ததைப் பார்த்தாள். “இதான் சித்தப்பா சொன்ன மிஷினா? இன்னா சித்தி, சோப்பு டப்பாவா!” என்று சிரித்தாள். வயிற்றிலிருந்து புரண்டு வந்த சிரிப்பு. முடிந்து மூச்சை உள்ளே இழுக்கும்போது, ‘ஹிக்’.

அன்பு மேசை மேல் கிடந்த காந்தத்தைப் பார்த்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த ‘ஆ’வ எடுத்தப்போ பீமு பக்கத்துல நின்னுகினு உஸ்மாவ கலாய்ச்சிகினே இருந்தான்” என்றான் தீனா. வழக்கத்துக்கு மாறாக அவனுக்கு இன்று பேச்சு வந்தது. “கடசில அவன் சிரிச்சதும் சேர்ந்து வுழுந்துச்சு. நான்தான் வெட்டி வெச்சேன். ஸ்கிரீனு போனப்பறம் அந்த வெட்ட எடுக்க முடியல. அவன் கொரலு வேற எங்கயுமே இல்லமே. அதான் இந்தப் பொண்ணு அவ அப்பா கொரல ஒருவாட்டி கேக்கணும்னு வந்துகீது. முழுசா வந்துச்சா?”

“வந்துச்சு.” அன்பு பிளாப்பியை எடுத்து நீட்டினாள். “நான் அழிச்சிட்டேன்யா. பிளாப்பியையும் சேத்து.”

“இன்னாமே சொல்ற?”

“உன் சிரிப்புன்னு நெனச்சிட்டேன்.”

தீனா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். “நான் எப்படி சிரிப்பேன்னு உனக்குத் தெரியாதா?” என்று மட்டும் கேட்டான்.

சங்கமித்ரா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியை ஸ்பீக்கர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காதை வைத்தாள்.

“பரவால்ல சித்தி. இருக்கறத போடுங்க.”

அன்பு போட்டாள். ‘ஆ...’ வந்தது, முடிந்தது. சங்கமித்ரா ஸ்பீக்கரிலிருந்து காதை எடுக்கவில்லை.