கொண்டல் ஒன்றும் செய்யாது

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அதை மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ரொறன்ரோவுக்கு வந்து உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு வான் ஓட்டப் பழகினேன். தொண்ணூறுகளின் கடைசியில் சொந்தமாக இரண்டு வான் வைத்திருந்தேன். ரெக்ஸ்டேலில் ஆட்களை ஏற்றி, பிறம்ரன் தொழிற்சாலைகளில் இறக்குவது என் தொழில். பட்டம் படித்தவர்கள்கூட என் வானின் பின்சீற்றில் நெருக்கிக்கொண்டுதான் வேலைக்குப் போனார்கள். அதைச் சொல்லாமல் இதைத் தொடங்க எனக்கு மனம் வராது.

வான் தொழிலுக்குக் காலநிலை தெரிய வேண்டும். எனக்குத் தெரியும். பத்து வயதில் கடலில் இறங்கியவனுக்குக் காற்றைப் பற்றி எவரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. வடக்கு என்றால் வாடை, தெற்கு சோளகம், மேற்கு கச்சான், கிழக்கு கொண்டல். பதினேழாம் மாடிப் பல்கனியில் ஒரு துணித்துண்டைக் கட்டியிருந்தேன். பனியை அளக்க ஐஸ்கிறீம் வாளிக்குள் ஓர் அடிமட்டம். தினமும் காலையில் தமிழ் வானொலிக்கு ரெலிபோன் எடுத்து அன்றைய காற்றையும் பனியையும் சொல்வேன். சனம் கேட்டது. மரக்கறிக் கடையில் கண்டாலும், "அண்ணை, நாளைக்கு எப்பிடி?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள்.

அதே கட்டடத்தின் நான்காம் மாடியில் ஓய்வுபெற்ற விஞ்ஞான வாத்தியார் ஒருவர் இருந்தார். அவருக்கும் இதே விசர். வீட்டுச் சுவரில் பாரமானி ஒன்றை மாட்டியிருந்தார். காற்றின் அழுத்தத்தைக் காட்டும் வட்டமான சாமான், நடுவில் ஒரு முள். முள் விழுந்தால் கெட்ட காலநிலை வருகிறதாம். அவரும் அதே வானொலிக்குத்தான் ரெலிபோன் எடுப்பார். ஒருநாள் நான், "இண்டைக்குக் கச்சான் அடிக்குது, வானம் வெளிக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அடுத்த ஆளாக அவர் வந்தார்.

"எங்கட ஊரில கச்சான் எண்டால் வறுத்துச் சுருளில கட்டி விக்கிற சாமான். உவர் அதைக் கொறிச்சுக்கொண்டு காலநிலை சொல்லுறார்."

நிலக்கடலைக்கும் எங்கள் ஆட்கள் கச்சான் என்றுதான் சொல்வார்கள். அறிவிப்பாளர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து என் பெயர் கச்சான். என் வானில் ஏறுகிறவர்களே முதுகுக்குப் பின்னால் அப்படிச் சொன்னார்கள். அந்த மனிசனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கிற யோசனையும் இல்லை.

பிறகு அந்தத் தைப்பொங்கல் நாள் வந்தது. புதுவருடம் பிறந்ததிலிருந்தே கொட்டிக்கொண்டிருந்த பனி, தெருவோரத்தில் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தது. விடிய எழும்பிப் பார்த்தேன். துணி மேற்குப் பக்கமாகப் பறந்தது. அப்படியென்றால் கிழக்குக் காற்று. மனைவி அடுப்பில் பொங்கல் பாலை வைத்துக்கொண்டு நின்றாள். அவளும் என் வானில்தான் போய் பிறம்ரனில் பெட்டி அடுக்குகிறவள்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு வானை விடுறியளோ? பெரிசா ஒண்டு வருதெண்டு ரிவியில சொல்லுறாங்கள்."

"அவங்கள் ஒவ்வொரு நாளும் வருது வருது எண்டுதான் சொல்லுவாங்கள். இது கொண்டல். ஒண்டும் செய்யாது. மத்தியானத்தோட நிண்டிடும். வெளிக்கிடு."

எங்கள் கடலில் கொண்டல் மெத்தென்ற காற்று. அது வீசும்போது வள்ளத்துக்குள் படுத்து நித்திரை கொள்ளலாம். இந்த ஊரில் கிழக்கிலிருந்து வருகிற காற்று, ஒன்ராறியோ ஏரி முழுவதையும் துழாவி ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது என்று எனக்குத் தெரியாது. பெயர் ஒன்று என்றால் காற்றும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டேன்.

ஒரு வான் திருத்தக் கொடுத்திருந்ததால் அன்று நான் ஓடவில்லை. மற்ற வானைச் சாரதி வாசலுக்குக் கொண்டுவந்திருந்தான். மனைவியோடு கீழே இறங்கினேன். வாசலில் வாத்தியார் நின்றார்.

"தங்கச்சி, இண்டைக்குப் போகாதேங்கோ. முள் இவ்வளவு கீழ விழுந்து நான் கண்டதில்லை."

மனைவி என்னைப் பார்த்தாள். வானுக்குள் இருந்த நான்கு பெண்களும் கண்ணாடியைத் துடைத்து என்னைத்தான் பார்த்தார்கள்.

"மாஸ்ரர், உம்மட முள்ளை மீன்முள்ளோட சேத்துக் குப்பையில போடும்" என்றேன்.

"கச்சானுக்குக் கோதுதான் பெரிசு. உடைச்சுப் பாத்தால் உள்ளுக்கை ஒண்டும் இராது."

வான் கதவை இழுத்துத் திறந்தேன். "ஏறு" என்றேன் மனைவியிடம். ஏறினாள். அந்த ஒரு சொல்லை நான் காற்றைப் பார்த்துச் சொல்லவில்லை. வாத்தியாரின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

எட்டு மணிக்குப் பனி அரிசிமா சலித்தமாதிரித் தொடங்கியது. ஒன்பதுக்கு எதிர்க் கட்டடத்தைக் காணவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோசம் என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். பனியைக் கண்டால் எனக்கு அப்படித்தான். வாளியைப் பார்த்தேன். மூன்று விரற்கடை. வானொலிக்கு எடுத்து, "மூண்டு விரற்கடைதான், பயப்பிட ஒண்டுமில்லை" என்றேன்.

பதினொரு மணிக்குப் பனி கீழிருந்து மேலே போனது. பல்கனிக் கதவு ஆள் தள்ளுவதுபோல் அதிர்ந்தது. லிப்ற் ஓடுகிற குழாய்க்குள் காற்று ஊளையிட்டது. வாளியில் அப்போதும் மூன்று விரற்கடை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினேழாம் மாடிக் காற்று விழுகிற பனியை விழ விழ வாளிக்குள்ளிருந்து வழித்துக்கொண்டு போயிருக்கிறது. கீழே எட்டிப் பார்த்தேன். தரிப்பிடத்தில் கார்கள் இல்லை. வெள்ளை மேடுகள்தான் இருந்தன.

பன்னிரண்டுக்கு மனைவி தொழிற்சாலையிலிருந்து ரெலிபோன் எடுத்தாள்.

"வேலையை மூடிட்டாங்கள். வான் வந்திட்டுது. ஒண்டும் தெரியேல்லை வெளியில."

"மெல்லமா ஓடச் சொல்லு." அதற்குள் வைத்துவிட்டாள்.

அரை மணித்தியால ஓட்டம். ஒரு மணியாயிற்று. இரண்டாயிற்று. அந்தக் காலத்தில் எங்கள் எவரிடமும் கைத்தொலைபேசி இல்லை. பொலிசுக்கு எடுத்தால் லைன் கிடைக்கவில்லை. மூன்று மணிக்கு, எனக்குத் தெரிந்த ஒரே இலக்கத்தை அழுத்தினேன்.

"வணக்கம் அண்ணை! இப்ப எத்தினை விரற்கடை?" என்றார் அறிவிப்பாளர்.

"பனியை விடும் தம்பி. என்ர வானைக் காணேல்லை. நீல வான், பக்கத்தில வெள்ளைக் கோடு. என்ர மனுசியும் வேற நாலு பொம்பிளையளும் சாரதியும். பிறம்ரனில இருந்து மத்தியானம் வெளிக்கிட்டது."

"காலமை நீங்கள்தானே அண்ணை பயப்பிட ஒண்டுமில்லை எண்டியள்?"

எத்தனை வீடுகளில் அது கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். "பிழை. நான் பிழை சொல்லிப்போட்டன். என்ர கதையைக் கேட்டு வெளிக்கிட்டவை, நிக்கிற இடத்திலயே நில்லுங்கோ" என்றேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு வார்த்தையை அதற்கு முன்னர் நான் எவருக்கும் சொன்னதில்லை.

ரெலிபோனை வைத்துவிட்டு வானொலிச் சத்தத்தைக் கூட்டினேன். அடுத்து வாத்தியார். வராமல் விடுவாரா? "காலமை வாசலில வச்சுச் சொன்னனான். மீன்முள் எண்டார். முள் இன்னும் விழுகுது. வானைக் கண்டவை கெதியாச் சொல்லுங்கோ, உள்ளுக்கை இருந்தால் விறைச்சுப் போகுங்கள்." அந்தக் கடைசி வரிக்காகவும் நான் அவரை மன்னிக்கவில்லை.

இரண்டு பாட்டுப் போனது. பிறகு பிறம்ரனில் இருந்து ஒரு பெண் குரல்.

"நீல வான் எங்கட வீட்டு வாசலில புதைஞ்சு நிக்குது தம்பி. அஞ்சு பொம்பிளையளும் சாரதியும் எங்கட குசினிக்குள்ள. பொங்கல் சாப்பிடினம்."

கதிரையை வானொலிக்குக் கிட்ட இழுத்தேன். உட்கார்ந்து காதைக் கொடுத்தேன்.

"அண்ணையின்ர மனுசி பக்கத்தில நிக்கிறாவோ? அவருக்கு ஒரு சொல்லுச் சொல்லுவாவோ?" என்றார் அறிவிப்பாளர்.

குசுகுசுப்பு ஒன்று கேட்டது. எனக்குப் பழக்கமான குரல்தான். சொல் விளங்கவில்லை. பிறகு அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"அவருக்குச் சொல்ல ஒண்டும் இல்லையாம். நாலாம் மாடி மாஸ்ரர் கேட்டுக்கொண்டிருந்தால், நாளைக்கு வெளிக்கிடலாமோ எண்டு முள்ளைப் பாத்துச் சொல்லட்டாம்."

நான் வானொலியை நிறுத்தவில்லை. அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்கும் தெரியவேண்டியிருந்தது.