ஒருசந்தி விட்ட நாள்

பச்சை நிறக் கழுத்துப்பட்டி ஒன்றை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு பக்கத்து வீட்டு ஐரிஷ்காரர் எங்கள் வாசலில் நின்றார். கனடாவின் பியர்பொன்ட்ஸில் பங்குனி என்பது பெயருக்குத்தான் வசந்தம். தெருவோரத்துப் பனி கறுத்து, சேறும் உப்புமாகக் கிடக்கும். அதற்கு நடுவே தொப்பி முதல் காலுறை வரை பச்சையாக ஒரு மனிதர். அன்று அவர்களுடைய புனித பத்திரிசியார் திருநாள். பட்டியைக் கட்டிக்கொண்டு தன் வீட்டுக்குச் சாப்பிட வரவேண்டும் என்று என் தகப்பனார் ஐயாவை அழைக்க வந்திருந்தார். ஐயா அதைத் தொடவில்லை. “தவக்காலம், பிள்ளை. பூசையிலை சுவாமியாருக்கே ஊதா உடுப்பு. இதிலை பச்சை எங்கையிருந்து வந்தது?” என்று தமிழில் என்னிடம் முணுமுணுத்துவிட்டு, அவரிடம் ஆங்கிலத்தில் “நோ, தாங்க் யூ” என்றார். ஐரிஷ்காரர் கோபிக்கவில்லை. அடுத்த வருடமும் வந்தார்.

ஐயா மன்னார்ப் பக்கத்தில் தபாலதிபராக இருந்தவர். என் பொறுப்பில் அம்மாவோடு கனடாவுக்கு வந்து, எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தார். ஐரிஷ்காரருக்கும் அவருக்கும் சிநேகம் பனியில் தொடங்கியது. ஐயா கையால் பனி அள்ளுவதைப் பார்க்கப் பொறுக்காமல், அவர் தன் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் வாசலையும் துப்புரவாக்கிவிட்டுப் போவார். ஐயாவை அவர் போஸ்ட்மாஸ்டர் என்று அழைப்பார். அவர் பேசியது வட அயர்லாந்து ஆங்கிலம். இவ்வளவு காலம் இங்கே இருந்தும் எனக்கே அதில் பாதி விளங்காது. ஐயாவுடையது கந்தோர் ஆங்கிலம், அலுவலகக் கடிதங்களில் வருவது. இரண்டும் எப்படியோ ஒத்துப்போயின. பிரெஞ்சு பேசும் இந்த ஊரில் இருவருக்கும் பிரெஞ்சு வராது என்பதும் ஒரு ஒட்டுறவுதான்.

தவக்காலத்தில் நாங்கள் எல்லோரும் இறைச்சியைத் தவிர்ப்போம். ஐயாவின் தவக்காலம் வேறு. நாற்பது நாளும் ஒருசந்தி, ஒரே ஒரு வேளைச் சாப்பாடு. அதுவும் மரக்கறியோடுதான். அம்மாவும் அவருக்குத் துணையாக அப்படியே இருப்பார். அது தம்பிக்காக வைத்த நேர்த்தி. தம்பி திரும்பி வரும்வரை விடுவதில்லை என்று ஐயா ஆண்டவரோடு ஒப்பந்தம் செய்திருந்தார். ஒப்பந்தத்தில் ஆண்டவர் கையெழுத்துப் போட்டாரா என்று நான் ஒருநாள் கேட்டதற்கு, இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

தம்பியைக் கொண்டுபோனபோது எங்கள் வீட்டார் இடம்பெயர்ந்து வன்னியில் தெருவோரக் கூடாரம் ஒன்றில் இருந்தார்கள். யுத்தம் முடியப்போகும் காலம். நான் அதற்கு முன்பே திருமணமாகி இங்கே வந்துவிட்டேன். ஒரு பின்னேரம் வந்தார்கள், அம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார், சட்டை கிழிந்தது, அவன் போனான். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. யார் வந்தார்கள் என்பதை ஐயா வெளியே சொன்னதேயில்லை. கோயிலில் கேட்பவர்களுக்கு “காணாமல் போயிட்டான்” என்பார். கேட்டவர்கள் தாங்களாகவே இராணுவம் என்று எடுத்துக்கொள்வார்கள், ஐயா திருத்தமாட்டார். பிள்ளையின் படத்தைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் நிற்கிற இடத்தில், கொண்டுபோனவர்கள் எங்கள் ஆட்கள்தான் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? வீட்டுக்குள்ளும் அந்தப் பேச்சு இல்லை.

வருடா வருடம் தம்பியின் பிறந்தநாளுக்குப் பூசை கொடுப்போம். எதற்காகப் பூசை என்று சுவாமியார் பீடத்தில் நின்று வாசிப்பார். மற்றவர்களுக்கு ‘ஆன்ம இளைப்பாற்றிக்காக’ என்று வரும். தம்பிக்கு ‘சுகமாகத் திரும்பி வர’ என்று வரும். அந்த வரியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். அவன் இல்லை என்று எனக்குள் எப்போதோ முடிவாகிவிட்டது. அத்தாட்சி கேட்டால் என்னிடம் ஒன்றுமில்லை. ஆனாலும் செத்தவனுக்கு ஒரு செபம்கூட இல்லாமல், உயிரோடு இருப்பவனைக் கூப்பிடுவதுபோல் இவர்கள் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்களே என்று எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வரும். இதை ஒரு தடவை அம்மாவிடம் சொன்னேன். “உன்ர வாயால அவனைக் கொல்லாதை” என்றார். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஐரிஷ்காரரின் மனைவி இறந்த வருடம், அந்தத் திருநாளன்று அவர் கழுத்துப்பட்டி இல்லாமல் வந்தார். சாப்பிட வேண்டாம், சும்மா வந்து என்னோடு இருங்கள், தனியாக இந்த நாளைக் கடத்த முடியவில்லை என்றார். அதை மறுக்க ஐயாவுக்கு மனம் வரவில்லை. ஐயா, அம்மா, நான் மூவரும் போனோம். வாசலிலேயே முட்டைக்கோவா இலை அவியும் மணம். உப்பிட்ட பன்றி இறைச்சியும் உருளைக்கிழங்கும் மேசையில் ஆவி பறக்க இருந்தன. நான் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். ஐயாவும் அம்மாவும் தேநீரை மட்டும் பிடித்துக்கொண்டு, ஆசுபத்திரிக்கு நோயாளி பார்க்க வந்தவர்களைப்போல இருந்தார்கள்.

தங்கள் ஊரில் இன்று ஒருநாள் தவக்காலம் இல்லை என்று ஐரிஷ்காரர் விளக்கினார். பாதிரிமாரே விலக்குக் கொடுப்பார்களாம். குடியை விட்டவன் குடிப்பான், இனிப்பை விட்ட பிள்ளை இனிப்புத் தின்னும். தன் தாய் மட்டும் ஒரு குறிப்பிட்ட வருடத்திலிருந்து அந்த விலக்கை எடுக்கவில்லை என்றார். ஏன் என்று ஐயா கேட்டார். தன் அண்ணனை வீட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனார்கள், அவர் திரும்பவில்லை என்றார்.

“பிரிட்டிஷ் ஆமி?” என்று ஐயா கேட்டார்.

ஐரிஷ்காரர் இல்லையென்று தலையாட்டினார். எங்கள் ஆட்கள், என்றார். தெருவில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை, நாங்களும் திறக்கவில்லை. முப்பது வருடங்களுக்குமேல் கழித்து யாரோ இடத்தைச் சொல்ல, சதுப்பு நிலத்தைத் தோண்டி எலும்பை எடுத்தார்களாம். அதற்குள் தாய் இறந்துவிட்டார்.

நான் அம்மாவுக்கு மொழிபெயர்த்துக்கொண்டே வந்தேன். அம்மாவின் கேள்வி ஒன்றுதான். “தாய் உயிரோட இருக்கேக்கை அந்தப் பிள்ளைக்குச் செத்தவீட்டுப் பூசை குடுத்தவவோ எண்டு கேள்.”

கேட்டேன். இல்லை என்றார். அண்ணன் வந்துவிடுவார் என்றுதான் தன் தாய் கடைசிவரை செபித்தார். போன அன்றிரவே அண்ணன் இறந்திருக்கிறார். இத்தனை வருடமும் அந்த ஆத்துமாவுக்காக ஒரு பூசை இல்லை, ஒரு மெழுகுதிரி இல்லை. எலும்பு கிடைத்ததைவிட அதுதான் தன்னை இன்றைக்கும் தூங்கவிடாமல் செய்கிறது என்றார். சொல்லிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து, ஒன்றும் கழுவாமல் நின்றார்.

இதை மொழிபெயர்க்கலாமா என்று நான் தயங்கினேன். தேவைப்படவில்லை, ஐயாவுக்கு முழுவதும் விளங்கியிருந்தது. தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி, “எங்கட பிள்ளையையும் எங்கட ஆக்கள்தான் கொண்டுபோனவை” என்றார். தமிழில்தான் சொன்னார். ஐரிஷ்காரர் திரும்பிப் பார்த்தார். ஐயா அதையே தன் கந்தோர் ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, திரும்பவும் சொன்னார். நான் அவர் வாயால் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து ஐயாவுக்கு நிம்மதி போயிற்று. பிள்ளை செத்திருந்தால், பாவம் தீரும்வரை ஆத்துமாக்கள் செபத்துக்காகக் காத்திருக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் ஒருவரும் நினைக்காமல் கிடக்கிறான். உயிரோடு இருந்தால், அவனுக்கு இறந்தவர் பூசை கொடுப்பது பெற்ற தகப்பனே குழி வெட்டுவது. இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு மனிதர் மெலிந்துபோனார். கடைசியில் சுவாமியாரிடம் போனார்; காரில் கூட்டிப்போனது நான்தான். உயிரோடு இருப்பவனா இறந்தவனா என்று குறிக்காமல் பொதுக் கருத்துக்காகப் பூசை கேளுங்கள், ஆண்டவருக்குத் தெரியும் என்று சுவாமியார் இதமாகச் சொன்னார். திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கும்போது ஐயா சொன்னார்.

“விலாசம் எழுதாத காயிதத்தை நான் ஒருநாளும் அனுப்பினதில்லை, பிள்ளை.”

போன கார்த்திகையில் ஐயா ஆசுபத்திரியில் படுத்தார். எழும்பமாட்டார் என்று எங்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஐரிஷ்காரர் பார்க்க வந்திருந்த ஒரு பின்னேரம், ஐயா அம்மாவைக் கிட்டக் கூப்பிட்டார். “நீர் யோசியாதையும். நான் போய்ப் பாக்கிறன். அங்கை நிண்டானெண்டால் உமக்கு வந்து சொல்லுறன். நான் வரேல்லையெண்டால் பிள்ளை உயிரோட இருக்கிறான்.”

“எப்பிடி வந்து சொல்லுவியள்?” என்று அம்மா கேட்டார். சந்தைக்குப் போகிறவரிடம் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

“கனவிலை வருவன். தபால்காரனுக்கு வழி தெரியாதோ?”

ஐயா என்ன சொல்கிறார் என்று ஐரிஷ்காரர் என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஐயாவின் கையைப் பிடித்து, நல்ல ஏற்பாடு, போஸ்ட்மாஸ்டர், என்றார். நான்தான் வெளியே போய்ச் சுவரோடு நின்று அழுதேன்.

ஐயா போனபிறகு ஒவ்வொரு காலையும் அம்மா படியேறிக் குசினிக்குள் வரும்போது, நான் அடுப்பைத் துடைப்பதுபோலத் திரும்பி நின்றுவிடுவேன். கனவு வந்ததா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. அடுத்த கிழமை ஐயாவின் பிறந்தநாள் பூசை. அதில் ஐயாவின் பெயரோடு தம்பியின் பெயரையும் இறந்தவர் வரிசையில் சேர்க்கச் சொல்வதென்று நான் மனதுக்குள் தீர்மானித்திருந்தேன். அவனை அந்த வரிசையில் சேரவிடாமல் தடுத்து வைத்திருந்த ஒப்பந்தம் ஐயாவோடு போயிற்று என்று நினைத்தேன். அம்மாவிடம் சொல்வதுதான் பாக்கி. இன்று திருநாள் விருந்து முடிந்து வீட்டுக்கு வரும்போது சொல்லலாம் என்றிருந்தேன்.

இந்த வருடம் நாங்கள் இரண்டு பேர்தான் போனோம். அதே கோவா, அதே இறைச்சி. ஐரிஷ்காரருக்கு இப்போது கை நடுங்குகிறது. சட்டியை நான்தான் தூக்கி வைத்தேன். எல்லோரும் இருந்தபின் அவர் அம்மாவைப் பார்த்து, போஸ்ட்மாஸ்டரிடமிருந்து ஏதும் செய்தி வந்ததா என்று கேட்டார். அத்தனை ஆங்கிலம் அம்மாவுக்கு விளங்கும். அம்மா இல்லையென்று தலையாட்டினார். அவர் முகத்தில் துக்கம் இல்லை என்பதை நான் அப்போதுதான் கண்டேன்.

“சொல்லு பிள்ளை அவருக்கு. அவர் வரேல்லை. சொன்ன சொல்லுத் தப்புற மனிசன் இல்லை அவர். தம்பி அங்கை இல்லை” என்றார். பிறகு சாப்பாட்டுக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துவைத்தார். “இண்டைக்கு ஒருசந்தி விடலாம்தானே, கேள்.”

விடலாம் என்று ஐரிஷ்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, இறைச்சியைப் பிய்த்து வாயில் வைத்தார். தம்பி போனதற்குப் பிறகு தவக்காலத்தில் அம்மா இறைச்சி தின்று நான் பார்த்ததில்லை. பசியோடு, ஒரு பிள்ளையைப்போலச் சாப்பிட்டார். நான் என் கரண்டியைக் கீழே வைத்தேன்.

“நல்லா அவிஞ்சிருக்கு. இன்னொரு துண்டு வெட்டு” என்றார். வெட்டிக் கொடுத்தேன்.