குமுதாவின் கைகள் சொன்ன அர்தபீல் கதை

மலேசியாவின் கிள்ளான் நகரைச் சேர்ந்த கன்னையாவின் மகள் குமுதா பிறவியிலேயே காது கேளாதவள். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் வழிகாட்டியாக இருக்கிறாள். காது கேளாதவர்கள் வந்தால் சைகை மொழியில் கதை சொல்லிச் சுற்றிக் காட்டுவது அவள் வேலை. அங்கே அப்படி ஒரு வேலையைக் கேட்டு உண்டாக்கிக்கொண்டதும் அவள்தான்.

சென்ற ஆண்டு பாரசீகத்தின் சஃபவி அரசைப் பற்றி, அந்தக் காலக் கம்பளங்களும் வண்ண ஓடுகளுமாக அங்கே ஒரு கண்காட்சி வைத்தார்கள். அர்தபீல் என்ற ஊரில் சீடர்களோடு இறைவனை நினைத்து வாழ்ந்த ஒரு சூஃபியின் வழிவந்தவர்கள், சில தலைமுறைகளுக்குள் ஒரு பேரரசையே நிறுவிய கதை அது. ஏற்பாடு செய்த ஆயிஷாவும் கிள்ளான்காரிதான், தமிழ் முஸ்லிம்.

குமுதாவுக்கு முதல் வார்த்தையிலேயே சிக்கல். 'சூஃபி' என்பதற்குச் சைகை கிடைக்கவில்லை. விரலால் எழுத்தெழுத்தாகக் காட்டினால் எழுத்துதான் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. ஆயிஷா தன் கைப்பேசியில் எழுதிக் காட்டினாள்: "சிலர் இறைவன் பேரச் சத்தமா சொல்வாங்க. சிலர் வாயே திறக்காம நெஞ்சுக்குள்ள சொல்வாங்க."

குமுதா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். மறுநாள் காது கேளாத தோழிகளிடம் ஒரு சைகை காட்டினாள். கண்ணை மூடி, மூடிய கையை நெஞ்சில் வைத்து, மெல்லத் திறந்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கண்காட்சி தொடங்கிய அன்று குமுதாவின் தோழிகளோடு, கிள்ளானிலிருந்து சில தமிழ் முஸ்லிம் குடும்பங்களும் வந்திருந்தன. அவள் கைகளைப் பார்த்துத் தமிழில் சொல்ல வேண்டிய மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல். ஆயிஷா வாசலுக்கு ஓடினாள். மகளைக் காரில் கொண்டுவந்து விட்ட கன்னையா அங்கே நின்றிருந்தார். குமுதா சிறுமியாக இருந்தபோது அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து சைகை கற்றவர் அவர்.

"அங்கிள், குமுதாவுக்கு நீங்க குரல் கொடுங்க."

"என்னம்மா நீ! ராஜா கதையெல்லாம் எனக்கு எங்க தெரியும்? நான் லோரி ஓட்டுனவன்லா."

"கதைய அவ சொல்லுவா அங்கிள். அவ கை சொல்றத அப்படியே சொன்னாப் போதும். அவ 'நான்'னா நீங்களும் 'நான்'னுதான் சொல்லணும்."

கன்னையா மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவள் கைகள் அசைந்தன.

"நான் குமுதா," என்றார். "பொறந்ததிலேருந்து எனக்குக் காது கேக்காது."

டாக்டர்களிடமும் தலைமையாசிரியர்களிடமும் எத்தனையோ முறை அவர் தணிந்த குரலில் சொன்ன செய்திதான். 'நான்' என்று சொன்னது இதுவே முதல் முறை. செருமிக்கொண்டு அதையே இன்னொரு முறை உரக்கச் சொன்னார்.

அடுத்து அந்தப் புதுச் சைகை வந்தது. அவருக்குப் புரியவில்லை. என்ன என்று கையால் கேட்டார். 'உள்ளே. சத்தமில்லாமல். இறைவன்,' என்று காட்டினாள் மகள்.

"மெய்ஞ்ஞானி," என்றார் கன்னையா.

"நாங்களும் அப்படித்தான் சொல்லுவோம்," என்றார் கூட்டத்தில் ஒரு பெரியவர்.

அதன்பிறகு கன்னையா தடுமாறவில்லை. ஞானியின் வழிவந்தவர்கள் வாளெடுத்ததும், சீடர்கள் பன்னிரண்டு மடிப்புள்ள சிவப்புத் தொப்பி அணிந்து படையானதும், அந்த வழியில் வந்த இளைஞர் இஸ்மாயில் தப்ரீஸ் நகரில் அரியணை ஏறியதும் மகளின் கையிலிருந்து அவர் வாய்க்கு வந்தன. தங்கள் குருவே அரசர், அவரை யாராலும் வெல்ல முடியாது என்று சீடர்கள் நம்பினார்கள். சால்திரான் போர்க்களத்தில் உதுமானியத் துருக்கியரின் பீரங்கிகள் அந்த நம்பிக்கையை உடைத்தன. குமுதா இரு கைகளாலும் பீரங்கி வெடித்தபோது தோழிகள் ஓரடி பின்வாங்கினார்கள்.

பெரியவர் கேட்டார்: "குருவா, பீரா இருந்தவங்க பாதுஷா ஆனது நல்லதாம்மா, கெட்டதா?"

கன்னையா கேள்வியைக் கையால் சொன்னார். குமுதா சற்று யோசித்துவிட்டுப் பதில் சொன்னாள். அவர் குரல் கொடுத்தார்.

"குரு தரையில உக்காந்திருந்தப்ப சீடனோட முகம் அவருக்குப் பக்கத்துல இருந்துச்சு. சிம்மாசனம் ஒசரம். அங்கேருந்து யாரு முகமும் சரியாத் தெரியாது. நான் முகம் பாத்துப் பேசுறவ. எனக்குத் தரைதான் புடிக்கும். ஆனா அந்த ராஜ்யம் இல்லன்னா இந்தக் கம்பளமும் இந்த ஓடும் நம்ம கண்ணுக்குக் கெடச்சிருக்காது. அதையும் சொல்லணும்."

பெரியவர் முன்னால் வந்து, கன்னையாவை விட்டுவிட்டு, குமுதாவை நேராகப் பார்த்து நெஞ்சில் கைவைத்தார். அந்த மரியாதை யாருக்கு என்று கன்னையாவுக்குத் தெரிந்தது. அவர் ஒரு எட்டு பின்னால் தள்ளி நின்றுகொண்டார்.

வீடு திரும்பும் வழியில் ஒரு கடையில் சாப்பிட உட்கார்ந்ததும் குமுதா சண்டைக்கு வந்தாள். 'பீரங்கி வந்தப்ப காது கேக்குறவங்க எல்லாரும் சிரிச்சாங்க. என்ன சொன்னீங்க?'

கன்னையா அசடு வழிந்தார். போர்ட் கிள்ளான் துறைமுக வாசலில் நிற்கும் லோரிகள் மாதிரி பீரங்கிகள் வரிசையாக நின்றன என்று தானாகச் சேர்த்துவிட்டதை ஒப்புக்கொண்டார்.

'நான் அதச் சொல்லலையே!'

'இனிமே சேக்க மாட்டேன்மா.'

இப்போது மாதந்தோறும் அருங்காட்சியகத்தில் தமிழில் ஒரு சுற்று நடக்கிறது. கன்னையா சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்புவதைப் பார்த்து, "அண்ணே, ஓய்வெடுக்கிற வயசுல எங்க?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்.

"என் மக பேசப் போறா லா," என்றார் கன்னையா, காரைக் கிளப்பியபடி. "நீங்களும் வாங்களேன்."